மிலூதியின் வெள்ளை லென்ஸ்

அஸம்மூரில் கல்யாணம் என்றால் படம் பிடிக்க மிலூதி வருவான். மிலூதி வந்தால் கூடவே அவன் புலம்பலும் வரும். அந்தப் பிள்ளையைப் பிடிங்க, டீத் தட்டை அந்தப் பக்கம் கொண்டு போங்க, யாரது ஆரஞ்சுப் பூத் தண்ணியைத் தெளிக்கிறது, என் கேமரா மேலே படுது. மணப்பெண்ணைப் பல்லக்கில் வைத்துத் தோளில் தூக்கி ஆட்டுகிறவர்கள் அவன் பக்கம் ஓரடி வந்தால் அவன் நாலடி பின்னால் போவான். அதனாலேயே எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மணப்பெண் எப்போதும் தூரத்தில் இருப்பாள்.

ஆள் கெட்டவன் இல்லை, சுத்தப் பயந்தாங்கொள்ளி. போலீசுக்கோ ஜின்னுக்கோ பயந்தாலாவது ஊரில் ஒரு மரியாதை இருக்கும். இவன் பயந்தது தூசிக்கு.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் அந்தப் பயம் கொஞ்சம் உண்டுதான். கோட்டை வாசல் காபிக்கடையில் படக்காரர்கள் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். ஒருவன் கேமரா வாரை மணிக்கட்டில் இரண்டு முடிச்சுப் போடுவான். இன்னொருவன் மாடிப்படியில் இறங்கும்போது பிஸ்மி சொல்லிக்கொண்டே இறங்குவான். கை நழுவிக் கண்ணாடி உடைவதுபோல் கனவு காணாதவன் அந்த மேசையில் கிடையாது. தஹ்மான் ஒருத்தனைத் தவிர. தஹ்மானின் கேமராவைக் கறுப்பு நாடாதான் சுற்றிச் சுற்றிக் கட்டி உயிரோடு வைத்திருந்தது. லென்சைத் திருகினால் உள்ளே மணல் கரகரவென்று அரைபடும். "உள்ள போன மணலுக்கு வெளிய வர வழி தெரியல, நான் என்ன செய்ய" என்பான். அவனைப் பார்த்தாலே மிலூதிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மிலூதியின் அண்ணன் பூஅஸ்ஸா. இத்தாலியில், பிரேஷாவில், இரும்பு வார்க்கிற பட்டறையில் வேலை. வருஷம் முழுக்க அங்கே கரிப்புகையில் கிடந்தாலும் ஆகஸ்ட் பிறந்தால் ஊரில் இருப்பான். கடற்கரை தர்காவின் கந்தூரிக்குக் குதிரை ஏற வேண்டுமே! அவர்கள் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு என்று ஒரு குதிரைக் குழு உண்டு. வெள்ளை உடுப்பும் இடுப்பில் வாளுமாக, நீளத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரே வரிசையில் பாய்ந்து வருவார்கள். மைதான முடிவில் எல்லாத் துப்பாக்கியும் ஒரே வெடியாக வெடிக்க வேண்டும். ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் கூட்டம் ஊளையிட்டு மானத்தை வாங்கிவிடும். பூஅஸ்ஸா அந்தக் குழுவுக்குத் தலைவன். அத்ஹம் என்ற கறுப்புக் குதிரை மேல் அவன் நடுவில் வந்தால் ஊரே எழுந்து நிற்கும்.

ஒரு ஆகஸ்டில் அவன் வரும்போது மடியில் ஒரு பெட்டி. கப்பலிலும் காரிலும் மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்திருந்தான். உள்ளே ஒரு கேமராவும், முழங்கை நீளத்தில் வெள்ளை லென்சும். அதை விற்றால் எங்கள் பக்கம் இரண்டு கறவை மாடு வாங்கலாம். பத்திரிகைக்குப் படம் எடுத்த ஒரு இத்தாலியனிடமிருந்து வாங்கியது. லென்சின் உடம்பெல்லாம் கீறல், ஓரத்தில் ஒரு நசுங்கல்.

"அந்தாளு மழையில, சேத்துல, பந்தாட்ட மைதானத்துலன்னு எங்க பாத்தாலும் இதத் தூக்கிட்டு ஓடிருக்கான்டா. இதுக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு என்ன ஆகப்போகுது?" என்றான் பூஅஸ்ஸா. பிறகு தம்பியைத் தனியாக ஆற்றங்கரைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னான். "எனக்கு ஒரே ஒரு படம் வேணும். துப்பாக்கி வெடிக்கிற அந்த நேரத்துல என் மூஞ்சி தெளிவா விழணும். அங்க பட்டறையில என்னை 'ஏய்'னுதான் கூப்பிடுறானுங்க. என் அலமாரிக் கதவுல அதை ஒட்டணும். நான் யாருன்னு அவனுங்க பாக்கணும்."

அவ்வளவுதான் அவன் கேட்டது. காடு கழனியா கேட்டான்?

மிலூதி அந்த லென்சைக் கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை கொண்டுபோனான். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவருக்கொருவர் பேரீச்சம்பழமும் பாலும் ஊட்டுகிற நேரம். பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிண்ணம் ஆடியது, பால் தெறித்தது, ஒரு சொட்டு லென்சின் முன்கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. ஒரே சொட்டு. அதற்கு மேல் மிலூதி ஒரு படம்கூட எடுக்கவில்லை. மாப்பிள்ளை, பெண், மாமியார் எல்லாரையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தவன், விடிய விடியத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கல்யாண வீட்டார் அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை.

அதோடு லென்ஸ் வெளியே வருவது நின்றது. கீறல்களுக்கு வெள்ளைச் சாயம் பூசினான். கடையில் விற்கிற பையெல்லாம் இதற்குப் போதாது என்று தோன்றிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்த ஆட்டின் தோலை அவன் மனைவி ஃபாத்னா வழக்கம்போல் உப்பும் படிகாரமும் தேய்த்து மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தாள். எங்கள் வீடுகளில் அது உட்காருவதற்கு விரிப்பாகும். இவன் அதை வெட்டி, ரோமம் உள்பக்கம் வரும்படி ஒரு உறை தைத்தான். வாயைக் கயிற்றால் இறுக்கி, மேலே பிளாஸ்டிக் சுற்றி, கட்டிலுக்கடியில் ஆற்றைப் பார்த்த சுவரோரமாக வைத்தான்.

"எனக்கு ஒரு நாளு இப்படி ஒரு உறை தைச்சுத் தந்திருக்கீங்களா? மாசி மாசக் குளிருல நானும்தான் நடுங்குறேன்" என்றாள் ஃபாத்னா.

"நீ கீழ விழுந்தா உடைய மாட்டே" என்றான் அவன்.

"ஆமா. உடையாதவளுக்கு உறை எதுக்கு."

முதல் வருஷத்தில் அவ்வப்போது பிரித்துப் பார்த்தான். பிறகு, பிரிக்கும்போதுதானே தூசி உள்ளே போகிறது என்று ஒரு யோசனை வந்தது. அதோடு பிரிப்பதையும் விட்டான். கட்டிலுக்கடியில் கையை விட்டு உறையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். மெத்தென்று இருக்கும். மனசு நிம்மதியாகிவிடும்.

கந்தூரி வரும். பூஅஸ்ஸா வருவான். மிலூதி தன் பழைய கேமராவோடு தூரத்தில் நிற்பான். அந்த வருஷம் காற்று அதிகம் என்பான். அடுத்த வருஷம் மைதானத்தில் தண்ணீர் தெளிக்கவில்லை, மண் பறக்கிறது என்பான். இன்னொரு வருஷம் வெடிமருந்துப் புகையில் கந்தகம் இருக்கிறது, கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும் என்று எவனோ சொன்னதைச் சொன்னான். அவன் எடுத்த படங்களில் அண்ணன் ஒரு வெள்ளைப் புள்ளி. முதலில் பூஅஸ்ஸா சிரித்தான். "இதுல நான் யாரு, குதிரை யாரு? பட்டறையில காட்டினா ஆட்டு மந்தையான்னு கேப்பானுங்க." அப்புறம் கேலி குறைந்தது. அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டான். கேட்காமல் விட்டதை மிலூதி மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டான். மனிதன் தனக்கு வசதியானதைத்தானே எடுத்துக்கொள்வான்.

பிறகு ஒரு ஆகஸ்டில் பூஅஸ்ஸா இளைத்துப்போய் வந்தான். இருமல். வார்ப்படக் கரி நெஞ்சில் படிந்துவிட்டது, குதிரை ஏறினால் ஆபத்து என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மனைவி ரகிய்யா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கந்தூரிக்கு முந்தின நாள் அவன் தம்பி வீட்டுக்கு வந்து, டீயைக்கூடத் தொடாமல் சொன்னான்.

"இந்தத் தடவையோட சரி. இதுக்கப்புறம் ஏற மாட்டேன். நாளைக்கு எடுப்பியா?"

"எடுக்கிறேன் அண்ணே. சத்தியமா."

"அதுலயா?"

"அதுலதான்."

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் அவர்கள் குழுவின் முறை. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பாய்ச்சல். மிலூதி உறையோடு மைதான முடிவில், குதிரைகள் வந்து நிற்கிற கோட்டுக்கு எதிரே, படக்காரர்கள் வரிசையில் போய் நின்றான். தஹ்மான் பக்கவாட்டில், ஓரடி பின்னால் இருந்தான். உறையின் கயிற்றை அவிழ்த்தபோது ஈரக் கம்பளி வாடை அடித்தது. மிலூதி அதைக் கவனிக்கவில்லை, அவன் கவனமெல்லாம் காற்றில் இருந்தது. லென்சை மாட்டி, அதன்மேல் ஃபாத்னாவின் தலைத்துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

"என்னப்பா, குழந்தைக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றான் தஹ்மான்.

கொடி இறங்கியது. குதிரைகள் முதலில் நடையாக, பிறகு ஓட்டமாக, பிறகு ஒரே வெள்ளைச் சுவராக வந்தன. நடுவில் அத்ஹம். நிலம் அதிர்வது கால் வழியாக ஏறியது. மிலூதி துணியை விலக்கி, கண்ணை வைத்து, அண்ணனின் முகத்தைத் தேடினான். குதிரைகள் பக்கத்தில் வந்துவிட்டன. குளம்படி மண் அலைபோல் எழும்பி வருவது தெரிந்தது. அவ்வளவுதான். யோசித்துச் செய்தானா, இல்லை. உடம்பு தானாகச் செய்தது. லென்சை வயிற்றோடு அணைத்து, மேலே குனிந்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். பின்னால் ஒரே வெடியாக வெடித்தது. ஒரு துப்பாக்கிகூட முந்தவில்லை, பிந்தவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டம் துள்ளியது. அண்ணனின் வாழ்நாளில் அப்படி ஒரு வெடி அதற்கு முன் விழுந்ததில்லை என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள்.

மிலூதி திரும்பியபோது அத்ஹம் மூச்சிரைத்துக்கொண்டு எதிரே நின்றது. மேலே அண்ணன், துப்பாக்கியை இன்னும் இறக்காமல், அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பார்த்தான், கடிவாளத்தை இழுத்தான், போய்விட்டான்.

இரண்டாவது பாய்ச்சலில் மிலூதி அசையவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மண் முகத்தில் அறைந்தது, கண்ணீர் வழிந்தது, அழுத்திய விரலை எடுக்கவில்லை. வெடி இந்தத் தடவை சிதறியது. பூஅஸ்ஸாவுக்கு இருமல் வந்து அவன் துப்பாக்கி பிந்தியது. கூட்டம் ஊளையிட்டது. ஆனால் படம் விழுந்துவிட்டது, அது போதும் என்று மிலூதி நினைத்தான்.

கூடாரத்தில் அண்ணன் மெத்தையில் சாய்ந்து கிடந்தான். மிலூதி கேமராவின் பின்பக்கத்தைக் காட்டினான். எல்லாம் வெளுப்பு. மோர் ஊற்றிய மாதிரி ஒரு படலம், அதற்குள் குதிரை வடிவத்தில் ஏதோ ஒன்று, மேலே மனித வடிவத்தில் ஏதோ ஒன்று. அடுத்த படமும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

"புகையா?" என்றான் பூஅஸ்ஸா.

"புகைதான் அண்ணே. எதிர் வெயிலு வேற. கம்ப்யூட்டர்ல போட்டா சரியாயிடும்."

அந்த நேரம் பார்த்துத் தஹ்மான் கூடாரத்துக்குள் தலையை நீட்டினான். முதல் வெடி தன்னிடம் நன்றாக விழுந்திருக்கிறது, அண்ணன் பார்க்கிறாரா என்று கேட்டான். மிலூதி எழுந்துபோய் அவனை வாசலிலேயே மடக்கினான். வேண்டாம், என் படத்தையே சரிசெய்து கொடுக்கிறேன், அவர் களைப்பாக இருக்கிறார் என்று தோளில் கைவைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனான். நாடா சுற்றிய கேமராவில் எடுத்த படத்தை அண்ணன் இந்த லென்சின் முன்னாலா பார்ப்பது? தஹ்மான் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். பூஅஸ்ஸா உள்ளே கண்ணை மூடிக் கிடந்தான், வாசலில் பேசியது அவன் காதில் விழவில்லை.

கம்ப்யூட்டரில் எதுவும் சரியாகவில்லை. எவ்வளவு திருகினாலும் முகம் வரவில்லை. பூஅஸ்ஸா இத்தாலிக்குத் திரும்பினான். போனில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பான், படம் என்ன ஆச்சு என்று. ஆயிட்டிருக்கு அண்ணே, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு, என்பான் மிலூதி. நாக்கு கூசவில்லை.

கடைசியில் லென்சை எடுத்துக்கொண்டு காசாபிளாங்காவில் பழுது பார்க்கிற ஒரு கடைக்குப் போனான். கல்லாவில் பபிள்கம் மென்றுகொண்டிருந்த ஒரு பெண் அதை வாங்கி, பின்பக்கம் விளக்கைப் பிடித்து, அவனையே உள்ளே பார்க்கச் சொன்னாள். கண்ணாடிக்குள் வெள்ளை நூல்கள், வேர் விட்டதுபோல, ஓரத்திலிருந்து நடுவரைக்கும்.

"பூஞ்சை. எதுல வெச்சிருந்தீங்க?"

அவன் பெருமையாகத்தான் உறையை எடுத்துக் காட்டினான். அவள் உள்ளே விரலை விட்டுத் தேய்த்து, விரல்களை முகர்ந்து பார்த்தாள்.

"உப்புத் தோலா? இது காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்குமே. இத்தனை வருஷம் இருட்டுல, ஈரத்துல ஊற வெச்சிருக்கீங்க." லென்சை அவன் பக்கம் தள்ளினாள். "கண்ணாடி அரிச்சிடுச்சு. துடைச்சாலும் போகாது. வெயில்ல, தூசியில எடுத்துட்டுத் திரிஞ்சிருந்தா இது வந்திருக்காது. தூசின்னா தட்டி விட்டிருப்பேன்."

திரும்பி வருகிற ரயிலில் மிலூதி உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றான். அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான், தஹ்மானிடம் போய் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி அனுப்பிவிட வேண்டும் என்றும் நினைத்தான். நினைத்துக்கொண்டே பனிக்காலத்தை ஓட்டிவிட்டான். காபிக்கடையில் தஹ்மான் தினமும் அடுத்த மேசையில்தான் இருந்தான். வாயைத் திறந்து கேட்க அவ்வளவு கூச்சம்.

பிப்ரவரியில் பூஅஸ்ஸா பெட்டியில் வந்தான். அலமாரிக் கதவில் ஒட்ட ஒன்றும் இல்லாமலே போய்ச் சேர்ந்தான். பட்டறைக்காரர்களுக்கு அவன் கடைசிவரைக்கும் 'ஏய்'தான்.

அடக்கம் முடிந்த பிறகு, துக்கத்துக்கு வருகிறவர்கள் வந்து போய்க்கொண்டிருந்த ஒரு மத்தியானம் தஹ்மான் வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சட்டகம். ரகிய்யா வெள்ளை உடுத்திச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் பிரித்துப் பார்த்தாள். கூடத்தில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பூஅஸ்ஸா அதில் இருந்தான். துப்பாக்கி நுனியில் நெருப்பு, அத்ஹத்தின் கழுத்து நரம்பு, அவன் திறந்த வாய், ஒவ்வொரு மீசை முடி. இளைத்த ஆள் மாதிரியே இல்லை. ராஜா மாதிரி இருந்தான். படத்தின் கீழ் ஓரத்தில், மண் அலைக்கு முன்னால், ஒருவன் எதையோ வயிற்றோடு கட்டிக்கொண்டு, குதிரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான்.

"எவ்வளவு நல்லா விழுந்திருக்கு" என்றாள் ரகிய்யா. "அவரு இருந்தப்பவே காட்டியிருக்கலாமேப்பா."

"அன்னைக்கே கொண்டு வந்தேனே, கூடாரத்துக்கு" என்றான் தஹ்மான். அவனுக்குச் சூது தெரியாது. "மிலூதிதான் வேண்டாம்னாரு. அவரு படத்தையே தரேன்னு சொன்னாரு."

ரகிய்யா மிலூதியைப் பார்த்தாள். அன்றைக்குக் குதிரை மேலிருந்து அண்ணன் பார்த்த அதே பார்வை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஃபாத்னா தலையைக் குனிந்துகொண்டாள். 

நாற்பதாம் நாள் முடிந்ததும் சட்டகத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். மிலூதி ஒரு நாள் ரகிய்யாவிடம் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தான். "மதினி, அந்தக் கீழ் ஓரத்தை மட்டும் வெட்டிட்டு வேற சட்டகம் போட்டுத் தரேன். அண்ணன் இன்னும் பெரிசாத் தெரிவாரு. செலவு என்னோடது."

"வெட்ட வேண்டாம் தம்பி" என்றாள் அவள். குரலில் சூடே இல்லை. "துப்பாக்கி வெடிக்கையில அவரு கண்ணுக்கு நேரா தெரிஞ்சது அதுதான். அவரு பாத்தபடியே இருக்கட்டும்."

மிலூதி இப்போதும் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறான், பழைய கேமராவில். வெள்ளை லென்ஸ் மொட்டைமாடிச் சுவரில் வெயிலில் கிடக்கிறது, மழை வந்தால்கூட யாரும் எடுப்பதில்லை. உறையைப் பிரித்துத் துவைத்து ஃபாத்னா காலுக்கடியில் விரித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட அண்ணன் வீட்டுக்குப் போவதை அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஊர் கேட்கும். முதலில் படத்துக்கு எதிரே உட்காரச் சொன்னார்கள். சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, பார்க்காமல் இருக்கலாம் என்று, படத்துக்கு நேர் கீழே போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறான். தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் அவனைப் பார்க்கிறார்கள், அப்புறம் மேலே பார்க்கிறார்கள், அப்புறம் சாப்பிடுகிறார்கள்.